இரும்புக்கு இணைதிறன் எலக்ட்ரான் எத்தனை?

இரும்பின் அணு எண் 26. பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி அதன் எலக்ட்ரான்களைக் கூடு கூடாகப் பிரித்தால் 2, 8, 14, 2 என்று வரும். கடைசிக் கூட்டில் இருப்பவைதான் இணைதிறன் எலக்ட்ரான்கள் என்ற விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் விடை 2. ஆனால் துருவில் இருக்கும் இரும்பு மூன்று எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்து +3 நிலையில் இருக்கிறது. இருந்ததே இரண்டு என்றால் மூன்றாவது எங்கிருந்து வந்தது? சரி என்று வேறொரு புத்தகத்தைப் புரட்டினால், அங்கே விடை 8 என்று போட்டிருப்பார்கள்.

இரண்டு, மூன்று, எட்டு. இதில் எதை நம்புவது என்று தெரியாமல், இரும்பு போன்ற இடைநிலைத் தனிமங்கள் என்றாலே மனப்பாடம்தான் என்று பல மாணவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது வருத்தமான விஷயம், ஏனென்றால் இந்தப் பகுதி கழித்தல் தெரிந்தால் போதும் என்கிற அளவுக்கு எளிது. குழப்பம் வருவது மூன்று வேறு வேறு கேள்விகளை ஒரே கேள்வி என்று நினைப்பதால். அணுவிடம் மொத்தம் எத்தனை இணைதிறன் எலக்ட்ரான்கள் இருக்கின்றன? குறிப்பிட்ட ஒரு சேர்மத்தில் அவற்றில் எத்தனையைக் கொடுத்திருக்கிறது? கொடுத்தது போக எத்தனை மிச்சம்? துருவில் உள்ள இரும்பைக் கேட்டால் முதல் கேள்விக்கு 8, இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 5. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடைசிக் கூடு விதி எங்கே உடைகிறது

ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு அயனியாக்கும் ஆற்றல் என்று பெயர். எந்த எலக்ட்ரான் எளிதில் வரும், எது வராது என்பதை அந்த எண்களே காட்டிவிடும்.

சோடியத்தின் அமைப்பு 2, 8, 1. முதல் எலக்ட்ரானை எடுக்க மோலுக்கு 496 கிலோஜூல் போதும். இரண்டாவதற்கு 4562 கிலோஜூல் வேண்டும். ஒன்றுக்கு அப்புறம் பெரிய சுவர் நிற்கிறது. கால்சியம் 2, 8, 8, 2. அதற்கு 590, 1145, பிறகு ஒரே தாவலாக 4912. சுவர் இரண்டுக்கு அப்புறம். இதுவரை கடைசிக் கூடு விதி சொன்னபடியே நடக்கிறது.

அடுத்த தனிமம் ஸ்காண்டியம், அணு எண் 21. அமைப்பு 2, 8, 9, 2. விதிப்படி சுவர் இரண்டுக்கு அப்புறம்தான் எழ வேண்டும். உண்மையான எண்கள்: 633, 1235, 2389, அப்புறம் 7091. சுவர் மூன்றுக்கு அப்புறம் இருக்கிறது! டைட்டானியத்தில் 2, 8, 10, 2. எண்கள் 659, 1310, 2653, 4175, அதன் பிறகு 9581. அங்கே சுவர் நான்குக்கு அப்புறம். கடைசிக் கூட்டில் இரண்டுதான் இருக்கின்றன, ஆனாலும் உள்ளே இருக்கும் கூட்டிலிருந்து ஒன்றும் இரண்டும் கூடவே வந்துவிடுகின்றன. இரும்பில் மூன்றாவது எலக்ட்ரானுக்கு 2957 கிலோஜூல். கால்சியத்தின் மூன்றாவதற்குக் கேட்ட 4912-உடன் ஒப்பிட்டால் இது எவ்வளவு குறைவு என்று தெரியும். துரு உருவாவது அதனால்தான் சாத்தியமாகிறது.

ஆக, கடைசிக் கூடு என்பது சோடியம், கால்சியம் போன்ற முதன்மைத் தொகுதித் தனிமங்களுக்காகச் சொல்லப்பட்ட குறுக்குவழி. பிணைப்பில் பங்கெடுக்கக்கூடிய எலக்ட்ரான்கள் எவையோ அவைதான் இணைதிறன் எலக்ட்ரான்கள். இடைநிலைத் தனிமங்களில் அவை இரண்டு இடங்களில் இருக்கின்றன: கடைசிக் கூட்டின் எஸ் ஆர்பிட்டாலிலும், அதற்கு முந்தைய கூட்டின் டி ஆர்பிட்டால்களிலும். ஆர்பிட்டால் என்பது ஒரு கூட்டுக்குள் இரண்டு எலக்ட்ரான்கள் வரை தங்கக்கூடிய இடம்; 4எஸ் என்றால் நான்காம் கூட்டின் எஸ், 3டி என்றால் மூன்றாம் கூட்டின் டி. இரும்பைப் பொறுத்தவரை 4எஸ்-இல் 2, 3டி-இல் 6. கூட்டினால் 8. மூன்றாம் கூட்டில் இருப்பதாகச் சொன்ன 14-இல் எட்டு, 3எஸ், 3பி ஆர்பிட்டால்களில் இருப்பவை. அவை சுவருக்கு அந்தப் பக்கம், வேதிவினைக்கு வராது.

4எஸ் பற்றி ஒரு சந்தேகம்

இங்கே எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஒன்று உண்டு. அணுவை நிரப்பும்போது 4எஸ் முதலில், 3டி பிறகு என்று படிக்கிறோம். அயனியாகும்போதும் 4எஸ்தான் முதலில் காலியாகிறது என்கிறார்கள். கடைசியாக வந்தது 3டி என்றால் அதுதானே முதலில் போக வேண்டும்?

நிரப்பும் வரிசை என்பது ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குப் போகும்போது பயன்படும் நினைவுக்குறிப்பு. ஒவ்வொரு அடியிலும் அணுக்கருவில் ஒரு புரோட்டானும் கூடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். ஒரே அணுவுக்குள் நடப்பது வேறு கதை. ஸ்காண்டியத்தின் +3 அயனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 3டி-யும் காலி, 4எஸ்-உம் காலி. அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் அது 3டி-க்குத்தான் போகிறது. இரண்டாவதைக் கொடுத்தால் 4எஸ்-க்குப் போகிறது, மூன்றாவதும் 4எஸ்-க்கே. 3டி ஆர்பிட்டால் சின்னது, அணுக்கருவுக்கு அருகில் ஒடுங்கிக் கிடப்பது. அங்கே எலக்ட்ரான்கள் நெருக்கியடித்தால் ஒன்றையொன்று தள்ளும். 4எஸ் அகலமாக விரிந்தது, நெருக்கடி குறைவு. ஆகவே நடுநிலை அணுவில் 4எஸ்-இல் இரண்டு உட்கார்ந்திருக்கின்றன. எலக்ட்ரானை எடுக்கும்போது வெளியே விரிந்து கிடக்கும் அந்த 4எஸ் எலக்ட்ரான்களே முதலில் போகின்றன. இரும்பு +2 ஆனால் 4எஸ் காலி, 3டி-இல் ஆறும் அப்படியே இருக்கும். இன்னொன்று போனால் 3டி-இல் ஐந்து.

எண்ணுவது எப்படி

முறை சுருக்கமானது. அணு எண்ணிலிருந்து, அதற்கு முந்தைய மந்த வாயுவின் அணு எண்ணைக் கழிக்க வேண்டும். இரும்பு 26, ஆர்கான் 18. மீதி 8. கோபால்ட் 27, மீதி 9. நிக்கல் 28, மீதி 10. அட்டவணையில் இந்தத் தனிமங்கள் எந்தத் தொகுதியில் இருக்கின்றன என்று பாருங்கள்: 8, 9, 10. இன்றைய 1 முதல் 18 வரையிலான தொகுதி எண்களில் இது பெரிய வசதி. 3-ஆம் தொகுதியிலிருந்து 12-ஆம் தொகுதி வரை, தொகுதி எண்தான் இணைதிறன் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை.

குரோமியம், தாமிரம் என்று விதிவிலக்குகளைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். குரோமியத்தில் 3டி-இல் 5, 4எஸ்-இல் 1. தாமிரத்தில் 3டி-இல் 10, 4எஸ்-இல் 1. தேர்வில் எலக்ட்ரான் அமைப்பை எழுதச் சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். எண்ணிக்கைக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை. எஸ்-இலிருந்து டி-க்கு ஒன்று இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறுவதில்லை: குரோமியத்துக்கு 6, தாமிரத்துக்கு 11.

பல்லேடியம் இதற்கு இன்னும் நல்ல சாட்சி. அதில் 4டி-இல் 10 எலக்ட்ரான்கள், 5எஸ்-இல் ஒன்றுகூட இல்லை. கடைசிக் கூட்டை எண்ணுங்கள் என்று சொன்னால், அதன் கடைசிக் கூடு நான்காவது, அதில் மொத்தம் 18. பதினெட்டு இணைதிறன் எலக்ட்ரான்கள் என்று யாரும் சொல்வதில்லை. அணு எண் 46, அதற்கு முந்தைய மந்த வாயு கிரிப்டான் 36, மீதி 10. பல்லேடியம் இருப்பதும் 10-ஆம் தொகுதியில்.

ஆறாம் வரிசைக்கு வந்தால் மட்டும் கூடுதலாக ஒரு கழித்தல். தங்கம் 79, செனான் 54, மீதி 25. இதில் 14 எலக்ட்ரான்கள் 4எஃப் ஆர்பிட்டால்களில் நிரம்பி உள்ளே ஒடுங்கிவிட்டவை. அவற்றையும் கழித்தால் 11. டங்ஸ்டனும் அப்படித்தான்: 74-இலிருந்து 54, அப்புறம் 14, மீதி 6.

துத்தநாகம்தான் கொஞ்சம் தகராறு. கணக்குப்படி 12 வருகிறது. ஆனால் அதன் 3டி-யில் உள்ள பத்தும் நிறைந்து, இறுகி, வினைக்கு வராமல் இருக்கின்றன. முதல் இரண்டு எலக்ட்ரான்களுக்கு 906, 1733 கிலோஜூல், மூன்றாவதற்கு 3833. துத்தநாகத்தின் சேர்மங்களில் +2-ஐத்தான் பார்க்கிறோம். அதனால் பல புத்தகங்கள் துத்தநாகத்துக்கு இணைதிறன் எலக்ட்ரான்கள் 2 என்றே எழுதும். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது, பிணைப்பில் பங்கெடுக்காததை எண்ணி என்ன பயன்? டி துணைக்கூடு முழுதாக நிரம்பாத அணுவோ அயனியோ இருந்தால்தான் இடைநிலைத் தனிமம் என்ற வரையறைப்படி துத்தநாகத்தை அந்தப் பட்டியலிலிருந்தே வெளியே வைப்பதும் உண்டு. தாமிரம் தப்பித்துக்கொள்கிறது, அதன் +2 அயனியில் டி எலக்ட்ரான்கள் ஒன்பதுதான்.

இருப்பதையெல்லாம் கொடுக்குமா?

முதல் சில தனிமங்கள் கொடுத்துவிடுகின்றன. ஸ்காண்டியம் +3, டைட்டானியம் +4, வனேடியம் +5, குரோமியம் +6, மாங்கனீசு +7. ஒவ்வொன்றின் உச்ச ஆக்சிஜனேற்ற நிலையும், அதாவது அது கொடுத்ததாகக் கணக்கில் எழுதும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும், அதன் தொகுதி எண்ணேதான். அதற்கு அப்புறம் இறங்குமுகம். எட்டு வைத்திருக்கும் இரும்பு அபூர்வமாகப் பொட்டாசியம் ஃபெரேட்டில் +6 வரை போகிறது, வழக்கமாக +2, +3-உடன் நின்றுவிடுகிறது. பத்து வைத்திருக்கும் நிக்கலுக்கு +2-தான் பிரியமான நிலை. வலப்பக்கம் போகப் போக அணுக்கருவின் ஈர்ப்பு கூடி, 3டி எலக்ட்ரான்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன. கையில் பணம் நிறைய இருந்தும் பெட்டியில் பூட்டி வைத்தது போல, எண்ணிக்கையில் சேரும், செலவுக்கு வராது.

கீழ்வரிசைகளில் டி ஆர்பிட்டால்கள் பெரிதாக, தளர்வாக இருப்பதால் கொஞ்சம் தாராளம் உண்டு. இரும்புக்கு நேர் கீழே உள்ள ருத்தேனியமும் ஆஸ்மியமும் நான்கு ஆக்சிஜன்களுடன் சேர்ந்து +8 நிலையை எட்டுகின்றன, எட்டு எலக்ட்ரான்களும் கணக்கில் தீர்ந்துவிடுகின்றன. 9-ஆம் தொகுதியின் இரிடியம் இன்னும் ஒரு படி மேலே. 2014-இல் வாயு நிலையில், நான்கு ஆக்சிஜன்கள் சேர்ந்த ஒரு நேர்மின் அயனியில் அதன் +9 நிலையைக் கண்டுபிடித்தார்கள். தொகுதி எண் 9, இணைதிறன் எலக்ட்ரான்கள் 9, ஆக்சிஜனேற்ற நிலையும் 9.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். +7, +8 என்று எழுதுவதால் அத்தனை எலக்ட்ரான்களும் அணுவை விட்டு முழுதாகப் போய்விட்டதாக அர்த்தம் ஆகாது. ஆக்சிஜனுடன் பகிர்ந்துகொண்டவற்றை முழுக்க ஆக்சிஜன் பேரில் எழுதிவைக்கும் கணக்கு முறை அது.

மிச்சம் எத்தனை?

வேதியியலில் மிக அதிகம் உதவும் எண் இதுதான். தொகுதி எண்ணிலிருந்து ஆக்சிஜனேற்ற நிலையைக் கழித்தால், அயனியில் மிச்சம் இருக்கும் டி எலக்ட்ரான்களின் எண்ணிக்கை வந்துவிடும். இரும்பு +2-இல் 6, இரும்பு +3-இல் 5, தாமிரம் +2-இல் 9, துத்தநாகம் +2-இல் 10, டைட்டானியம் +4-இல் பூஜ்யம். எஸ் எலக்ட்ரான்கள் முதலிலேயே போய்விட்டதால் மிஞ்சுவது எல்லாம் டி-தான்.

பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் செய்தவர்களுக்கு இது கண்ணெதிரே நடந்திருக்கிறது. பியூரெட்டில் அடர் ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசல், கூம்புக் குடுவையில் பிப்பெட்டால் எடுத்துவிட்ட ஃபெரஸ் சல்பேட்டுடன் நீர்த்த கந்தக அமிலம். சொட்டுச் சொட்டாக விடும்போது ஊதா நிறம் குடுவையில் விழுந்தவுடன் காணாமல் போகும். கடைசியில் ஒரே ஒரு சொட்டு அதிகமானதும் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும், பியூரெட்டை மூடிவிடுவோம்.

அந்தக் குடுவைக்குள் நடக்கும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாங்கனீசு 7-ஆம் தொகுதி. பெர்மாங்கனேட்டில் அது +7 நிலையில் இருக்கிறது, மிச்சம் 7 கழித்தல் 7, பூஜ்யம். வினை முடிந்ததும் +2 அயனியாக மாறிவிடுகிறது, மிச்சம் 5. அப்படியானால் ஒவ்வொரு மாங்கனீசுக்கும் ஐந்து எலக்ட்ரான்கள் தேவைப்பட்டிருக்கின்றன. இரும்பு +2-இல் இருந்து +3 ஆகிறது, மிச்சம் 6-இலிருந்து 5, அதாவது ஒன்றுதான் கொடுக்க முடிகிறது. ஆகவே ஒரு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து இரும்பு அயனிகள் வேண்டும். சமன்பாட்டில் இரும்புக்கு முன்னால் ஏன் 5 போடுகிறோம் என்று கேட்டால் பதில் இதுதான். இண்டிகேட்டர் எதுவும் சேர்க்காமல் முடிவுநிலையைக் கண்டுபிடிக்க முடிவதும் இதே மாற்றத்தால்: மாங்கனீசு +2 கரைசலுக்கு நிறம் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு மிக மங்கலான இளஞ்சிவப்புதான் உண்டு.

நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது மயில்துத்தத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள தாமிரம் +2-இல் ஒன்பது டி எலக்ட்ரான்கள், டி-யில் ஓர் இடம் காலி. கீழ்நிலை டி-யிலிருந்து ஓர் எலக்ட்ரான் அந்தக் காலி இடத்துக்குத் தாவும்போது ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது, மிஞ்சிய ஒளி நமக்கு நீலமாகத் தெரிகிறது. துத்தநாக சல்பேட்டில் டி முழுக்க நிரம்பியிருப்பதால் தாவ இடமில்லை. வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடில் தாவ எலக்ட்ரானே இல்லை. இரண்டும் வெள்ளை. டி-இல் ஒன்றுமே இல்லாத பெர்மாங்கனேட் மட்டும் எப்படி அவ்வளவு அடர்த்தியான ஊதா என்று யாராவது கேட்டால், அது நல்ல கேள்வி. அங்கே எலக்ட்ரான் ஆக்சிஜனிலிருந்து மாங்கனீசுக்குத் தாவுகிறது. அது தனி வகை.

நம் ரத்தத்திலும் இந்த மிச்சக் கணக்கு ஓடுகிறது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு +2, மிச்சம் 6. அந்த நிலையில்தான் அது ஆக்சிஜனைப் பிடித்துச் சுமக்கும். ஓர் எலக்ட்ரான் குறைந்து +3 ஆகிவிட்டால் மெத்ஹீமோகுளோபின் ஆகிறது. அதனால் ஆக்சிஜனைப் பிடிக்க முடியாது, ரத்தமும் பழுப்பேறிவிடும். எட்டில் இரண்டைக் கொடுத்திருக்கிறதா, மூன்றைக் கொடுத்திருக்கிறதா என்பதில் இவ்வளவு இருக்கிறது.

பதினெட்டு

மொத்த எண்ணிக்கையான 8 எதற்கு என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கு, உலோகத்துடன் கார்பன் மோனாக்சைடு சேர்ந்த உலோகக் கார்போனைல்களைப் பார்க்க வேண்டும்.

லுட்விக் மாண்ட் என்ற வேதியியலாளர் இங்கிலாந்தில் தன் ஆலையில் நிக்கல் வால்வுகள் ஏன் அரித்துப்போகின்றன என்று ஆராயப்போய், 1890-இல் லாங்கர், குவின்கே என்ற இருவருடன் சேர்ந்து ஒரு விசித்திரமான பொருளைக் கண்டுபிடித்தார். நிக்கல் தூளின் மேல் கார்பன் மோனாக்சைடைச் செலுத்தினால், உலோகம் ஆவியாகிப் போகிறது! உருவானது நிக்கல் டெட்ராகார்போனைல், 43 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நிறமற்ற திரவம், கொடிய நஞ்சு. மேலும் சூடாக்கினால் சிதைந்து தூய நிக்கலைக் கொடுக்கும். நிக்கலைச் சுத்திகரிக்கும் மாண்ட் முறை இதுதான். அடுத்த ஆண்டே இரும்பு பென்டாகார்போனைலும் வந்துவிட்டது.

நிக்கலுக்கு ஏன் நான்கு கார்பன் மோனாக்சைடு, இரும்புக்கு ஏன் ஐந்து? இந்தக் கேள்விக்கு 1921-இல் இர்விங் லாங்மியூர் பதினெட்டு என்ற எண்ணை வைத்து விடை சொன்னார். உலோகத்தின் ஒரு எஸ், மூன்று பி, ஐந்து டி ஆர்பிட்டால்கள் சேர்ந்து ஒன்பது. ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான்கள் என்றால் 18. ஒவ்வொரு கார்பன் மோனாக்சைடும் இரண்டு எலக்ட்ரான்களைக் கொண்டுவருகிறது. நிக்கலிடம் 10 இருக்கிறது, இன்னும் 8 வேண்டும், நான்கு கார்பன் மோனாக்சைடு போதும். இரும்பிடம் 8, தேவை 10, ஐந்து வேண்டும். குரோமியத்திடம் 6, தேவை 12, ஆறு வேண்டும். இரும்புக்கு இணைதிறன் எலக்ட்ரான் 2 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 12-தான் வரும், எதையும் விளக்க முடியாது.

இங்கே உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலை பூஜ்யம். எனவே மொத்தமும் மிச்சமும் ஒன்றே. நிக்கல் அணுவில் 3டி-இல் 8, 4எஸ்-இல் 2 என்று இருந்தாலும், அணைவுக்குள், அதாவது உலோகத்தைச் சுற்றி மற்ற மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்த சேர்மத்துக்குள், வந்ததும் பத்தையும் டி எலக்ட்ரான்கள் என்றே எண்ணுவார்கள். சுற்றிலும் ஈனிகள் (அப்படி உலோகத்துடன் பிணையும் மூலக்கூறுகளும் அயனிகளும்) வந்து நெருங்கும்போது விரிந்து கிடக்கும் 4எஸ்-இன் ஆற்றல் மேலே போய்விடுகிறது, எலக்ட்ரான்கள் டி-க்கு இறங்கிவிடுகின்றன.

ஒற்றைப்படைத் தனிமங்களில்தான் இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். மாங்கனீசிடம் 7. ஐந்து கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் 17, ஆறு சேர்ந்தால் 19. பதினெட்டு வரவே வராது. அது என்ன செய்கிறது தெரியுமா? 17-உடன் நிற்கும் இன்னொரு மாங்கனீசைப் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஆளுக்கு ஓர் எலக்ட்ரான் போட்டு உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே பிணைப்பை உண்டாக்குகின்றன. அதனால்தான் மாங்கனீசின் கார்போனைலில் இரண்டு மாங்கனீசும் பத்துக் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. கோபால்ட்டும் இப்படித்தான், இரண்டு கோபால்ட், எட்டுக் கார்பன் மோனாக்சைடு. வனேடியத்திடம் 5. ஆறு கார்பன் மோனாக்சைடு சேர்ந்து 17 ஆகிறது. சுற்றிலும் ஆறு பேர் நிற்பதால் இன்னொரு வனேடியம் நெருங்க இடமில்லை. எனவே அது 17-உடனேயே தனியாக இருந்துகொண்டு, சந்தர்ப்பம் கிடைத்தால் ஓர் எலக்ட்ரானை வாங்கி எதிர்மின் அயனியாகிவிடுகிறது.

1951-இல் வெளியான ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மமும் இந்தக் கணக்கில் அடங்கும். இரும்பின் 8, மேலும் கீழும் உள்ள இரண்டு ஐங்கோண வளையங்கள் ஒவ்வொன்றும் தரும் 5, மொத்தம் 18. இரும்புக்குப் பதில் கோபால்ட்டை வைத்தால் 19 ஆகிவிடும். அந்தக் கோபால்ட்டோசீன் கூடுதலான ஒன்றை விட்டுக்கொடுக்கத் துடித்துக்கொண்டிருக்கும்.

பதினெட்டு எல்லா இடத்திலும் செல்லாது. கார்பன் மோனாக்சைடு போன்ற, உலோகத்தை வலுவாகப் பிடிக்கும் ஈனிகள் இருக்கும் இடத்தில்தான் நம்பலாம். தண்ணீரில் கரைந்த தாமிரம் +2-ஐச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் என்று வைத்து எண்ணினால் 9-உம் 12-உம் சேர்ந்து 21 வரும், அது பாட்டுக்கு நீலமாகக் கிடக்கும். சதுரத் தள வடிவ அணைவுகளில் 16-தான் வழக்கம். புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் அந்த வகை: பிளாட்டினம் 10-ஆம் தொகுதி, நிலை +2, மிச்சம் 8. இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு, ஒவ்வொன்றும் இரண்டு கொடுக்க இன்னொரு 8. ஆக 16.